இடது கையின் மரியாதை

சென்ற ஆண்டு ஒரு மாத இதழுக்கு நான் அனுப்பிய கதை திரும்பி வந்தது. கூடவே ஆசிரியர் ஒரு மின்னஞ்சலும் எழுதியிருந்தார். பண்பான மனிதர், திட்டவில்லை. பக்கவாதம் வந்தவர் தன் கையைத் தன் கையே இல்லை என்று சொல்வதும், செயலிழந்த கை மரியாதை பார்ப்பதும் நம்பும்படியாக இல்லையாம். என்னுடைய பழைய கதை ஒன்றில் நோயாளியின் மனம் பறவையாகிக் கடலுக்குப் பறந்து போகும். அந்த மாதிரி மாற்றிக் கொடுத்தால் போடலாம் என்றார். நான் மாற்றிக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த வீம்பு உண்டு. அச்சில் வந்த என் கதைகள் மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதையும்விட அச்சேறாத இந்த ஒன்றின்மேல்தான் எனக்குப் பெருமை அதிகம். கதையாகப் போட்டால் நம்பமாட்டேன் என்கிறார்கள். சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். விழிதியூரில் நெல் விளைவித்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவள் நான்தான். இருபது வருஷமாகக் காரைக்காலையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஸ்கூட்டியில் அளந்துகொண்டிருக்கிறேன். கை கால் விழுந்து படுத்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைப்பது என் வேலை. ஊரில் எனக்கு 'எக்சர்சைஸ் டாக்டர்' என்று பெயர். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு கதை படிப்பது கொஞ்சம் சிரமம். எதைப் படித்தாலும் எனக்குள் இருக்கிற எக்சர்சைஸ் டாக்டர் எட்டிப் பார்த்துக் குறை சொல்லுவாள். கதைகளில் மனசும் உடம்பும் பிரிவது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது! சினிமாவில் ஒருவர் கட்டிலில் கிடப்பார். அவர் உடம்பிலிருந்து கண்ணாடித்தாள் மாதிரி இன்னொருவர் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று தன்னைத் தானே பார்ப்பார். சட்டைகூடக் கசங்கியிருக்காது. சீரியலில் ஆறு மாதம் நினைவில்லாமல் கிடக்கிற பெண்ணுக்குப் புருவம் திருத்தியபடியே இருக்கும். காதருகே குழந்தை அழும். கண்ணோரம் ஒரு சொட்டு நீர், பிறகு சுண்டுவிரல் அசைவு, அடுத்த வாரம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிவருவாள். அந்தச் சுண்டுவிரலுக்கும் அந்த மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற வேலை முழுக்க என்னுடையது. அதை இதுவரை ஒரு இயக்குநரும் படம் எடுக்கவில்லை.

சீரியலை விடுங்கள். நல்ல எழுத்தாளர்கள் என்று நான் மதிக்கிறவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். துக்கத்தில் இருக்கிற பெண்ணின் கைகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும், அவள் மட்டும் எங்கோ இருப்பாள். நோயாளி படுக்கையில் இருப்பார், அவர் மனம் பால்யத்துக்குப் போய்த் திரியும். இதில் பாதி உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் கிளம்பிப் போவது மனசுதான். உடம்பு பின்தங்கிவிடும், வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு மாதிரி. ஒரு கதையிலாவது மனசு வீட்டிலேயே இருந்து, உடம்பில் ஒரு பகுதி காணாமல் போனதாக நான் படித்ததில்லை.

நானும் அப்படித்தான் எழுதினேன் என்பதுதான் வெட்கக்கேடு. அந்தப் பழைய கதையில், படுத்த படுக்கையான ஒரு மீனவரின் மனம் ஜன்னல் வழியாகப் பறந்து, கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நிற்கிற ஃபைபர் படகுகளுக்கு மேலே வட்டமிட்டு, உப்புக் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பி வரும். பாராட்டி நாலைந்து பேர் எழுதினார்கள். அந்த இதழை ஸ்கூட்டி டிக்கியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. தினமும் ஏழெட்டு உடம்புகளைத் தொட்டுத் தூக்கி நிமிர்த்துகிறவள், எழுத உட்கார்ந்ததும் சீரியல் எடுக்கப் போய்விட்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவைத்தது ஒரு பாயின் இடது கை.

அவர் காரைக்கால் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வயது அறுபத்தைந்துக்கு மேலே. இளமையில் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவரை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி 'பாய்' என்றே கூப்பிட்டேன். அவர் மனைவியை 'லாத்தா' என்றேன். அக்காவை அந்தத் தெருவில் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரே மகள், கட்டிக்கொடுத்தவள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள். மகன் துபாயில்.

முதல் நாள் போனபோது பாய் என்னை வரவேற்ற விதம் இன்னும் நினைவிருக்கிறது. "வாங்கம்மா. பசியாறிட்டீங்களா?" என்றார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, பேச்சு தெளிவாகவே இருந்தது. நான் கட்டியிருந்த புடவையின் முந்தானையைத் தொடாமலே பார்த்துவிட்டு, "கைத்தறின்னு சொல்லி வித்தானா? பவர்லூம் இது. ஏமாந்துட்டீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது, சீக்கிரம் எழுப்பிவிடலாம் என்று சந்தோஷமாக அவருடைய இடது கையைத் தூக்கினேன்.

அவர் முகம் மாறியது. "இது யாரு கைம்மா?" என்று கேட்டார்.

"உங்க கைதான் பாய்" என்றேன்.

"என் கை இங்க இருக்கு" என்று வலது கையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாளா பாக்குறேன், பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க. கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்களேன். நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். வலது கையின் இரண்டு விரலால் இடது மணிக்கட்டைப் பிடித்து, மரியாதையாக, அடுத்தவர் பொருளை ஓரம் வைக்கிற மாதிரி நகர்த்தி வைத்தார்.

மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆவது உண்டு. படித்திருக்கிறேன், இரண்டு மூன்று பேரிடம் லேசாகப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு பண்போடு ஒருவர் தன் கையைத் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர் மனசு எந்தக் கடலுக்கும் பறந்து போகவில்லை. அது தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்து, என் புடவையைக் கேலி செய்துகொண்டு, நான் பசியாறினேனா என்று விசாரித்துக்கொண்டு இருந்தது. வெளியே போனது கைதான். அன்று ஸ்கூட்டியைக் கிளப்பும்போது டிக்கியில் இருந்த என் கதையை நினைத்து எரிச்சல் வந்தது.

சொந்தம் என்று நினைக்காத கைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அது வேலைக்கு வராது. அடுத்தவர் கைக்காக யார் மெனக்கெடுவார்கள்? எனவே பாய் அந்தக் கையைத் தன் கை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் முதல் வேலை. அது நடக்கவில்லையென்றால் மிச்சக் காலம் முழுக்க ஒரு கைக்காரராகத்தான் இருப்பார். இதை லாத்தாவிடமும் மகளிடமும் உட்காரவைத்துச் சொன்னேன். லாத்தா தலையாட்டினார். மகள், "சீரியல்ல கை அசையாம இருந்த ஒருத்தங்களுக்கு மகன் குரலைக் கேட்டதும் அசைஞ்சுதே. தம்பிகிட்ட சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லட்டுமா?" என்றாள்.

மறுநாளிலிருந்து துபாய்க் குரல் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. "வாப்பா, எழுந்திரிங்க வாப்பா" என்று அந்தப் பையன் உருகுவான். பாய் கேட்டுவிட்டு, "நான் முழிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன்" என்று போனுக்குப் பதில் சொல்லுவார். ஒரு நாள் மகள் வாசல்வரை ஓடிவந்து, வாப்பாவின் இடது கண்ணோரம் நீர் வந்துவிட்டது, மாற்றம் தெரிகிறது என்றாள். நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கண் சரியாக மூடவில்லை, டேபிள் ஃபேன் காற்று நேராக அதில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, டாக்டரிடம் கேட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கச் சொன்னேன். அவள் என்மேல் கோபமாகப் பார்த்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான், எல்லாக் கதைகளும் அவளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

ஆனால் அந்த வீட்டில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பாயைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு வலப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு வலப்பக்கம். தண்ணீர் வலப்பக்கம். மகன் முகம் தெரிகிற போனும் வலப்பக்கம். இடப்பக்கம் கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தது. மூளை ஏற்கெனவே இடப்பக்கத்தைக் கைவிட்டிருக்கிறது, வீடு முழுக்கச் சேர்ந்து அதற்கு ஒத்துழைத்துக்கொண்டிருந்தது. அத்தனையும் மரியாதைக்காக. பெரியவருக்கு எதையும் இடப்பக்கமாக வந்து கொடுப்பதா?

"கட்டிலைத் திருப்பிப் போடுங்க லாத்தா. எல்லாரும் நொட்டாங்கைப் பக்கமா உக்காரணும். சோறும் அந்தப் பக்கம்தான் வைக்கணும்" என்றேன்.

லாத்தா பதறிப்போனார். "கட்டிலத் திருப்புனா கால் மேக்க வந்துடுமேம்மா. தொழுற கிப்லா பக்கம் கால நீட்டிப் படுக்கலாமா? அதோட, ஒரு மனுஷருக்கு நொட்டாங்கைப் பக்கம் சோறு வச்சா என்ன நெனப்பாங்க? எதிரிக்குக்கூட அப்படி வைக்கமாட்டோம்."

பெரிய சண்டையே நடந்தது. நான் சத்தம் போட்டேன், அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் கட்டிலைத் திருப்பாமல், சுவரிலிருந்து இழுத்து அறை நடுவில் போட்டோம். இடப்பக்கம் நாற்காலி போட்டு மகளை உட்காரவைத்தேன், போனையும் அங்கே மாற்றினேன். மகன் குரல் இடப்பக்கத்திலிருந்து வந்ததும், பாய் வலது சுவரைப் பார்த்து அவனுக்குப் பதில் சொன்னார். பத்து நாளில் மெல்ல இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தார். இந்தக் கட்டில் விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. துபாய்க் குரல் எழுப்புகிறதோ இல்லையோ, சரியான பக்கத்தில் வைத்தால் கழுத்தையாவது திருப்பும்.

ஒரு மாதத்தில் தோள் அசைந்தது. விரல்கள் மூடித் திறந்தன. "பிடிங்க பாய்" என்றால் கை பந்தைப் பிடிக்கும், "விடுங்க" என்றால் விடும். ஆனால் அது எனக்கான வேலை. அவருக்காக அந்தக் கை எதுவும் செய்யாது, ஏனென்றால் அவர் அதைக் கேட்பதே இல்லை. யார் கை என்று கேட்டால் இப்போதெல்லாம் சிரித்து மழுப்புவார். ஒருமுறை, "நீங்க கொண்டு வர்ற கைதானேம்மா அது? நீங்க வந்தாத்தான் வேல செய்யுது" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். நாங்கள் படித்த புத்தகத்தில் ஒரு படம் உண்டு. நோயாளி விழுந்த கையால் தம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவார். கைக்கு மிகப் பழகிய பாதை வாய்க்குப் போகிற பாதைதான், பசியும் ருசியும் கையைத் தானாக இழுக்கும் என்று எழுதியிருக்கும். நானும் டீ தம்ளரை இடது கையில் வைத்தேன். கை அசையவில்லை. லாத்தாவிடம் சொல்லி வாடா சுடவைத்தேன், மேலே இறால் பதித்துச் சுடுகிற அந்த அரிசிமாவு வாடா என்றால் பாய்க்கு உயிர். வலது கையைத் துண்டால் மூடிவிட்டு, சூடாக ஒன்றை இடது உள்ளங்கையில் வைத்தேன். வாசனை அறை முழுக்க இருந்தது. பாய் எச்சில் விழுங்கினார். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. பேரீச்சம்பழம், பிஸ்கட், பொரித்த மீன் என்று பதினைந்து நாள் முயற்சி செய்தேன். ஒரு தடவைகூட அது மேலே எழவில்லை.

நான் தோற்றுப்போனேன் என்று நினைத்தேன். நோட்டில் 'தானாக உபயோகம் இல்லை' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். லாத்தாவைச் சமையல்கட்டில் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அந்தக் கை இப்படித்தான் லாத்தா இருக்கும். கூடவே இருக்கும், உதவாது. வலது கையை வச்சுக் காலத்தை ஓட்டப் பழக்கிடலாம்" என்றேன். லாத்தா வாடா மாவு இருந்த பாத்திரத்தை மூடி வைத்தார். அந்த வார்த்தைகளை நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அம்பகரத்தூரில் ஒரு பாட்டிக்கு இடுப்புப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டி பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்து கடை கண்டுபிடித்து ஒட்டி முடிப்பதற்குள், பத்து மணிக்குப் போகவேண்டிய பாய் வீட்டுக்கு உச்சிப் பொழுதாகிவிட்டது. தெருவில் நுழையும்போது லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுது முடித்த பிறகு உள்ளே போகலாம் என்று வாசற்படி ஓரமாக நின்றேன். கதவு திறந்திருந்தது, கூடத்தில் நடப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் தாம்பாளம். லாத்தா பக்கத்தில் சொம்போடு நின்றார். மகள் முந்தின நாள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். தொழுவதற்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், முழங்கைவரை என்று வரிசையாகக் கழுவுவார்கள், அதை ஒளு என்பார்கள். பாய் சீக்கு விழுந்ததிலிருந்து மகள்தான் துணி நனைத்து அவருக்கு அதைச் செய்துவிட்டுக்கொண்டிருந்தாள். அன்று லாத்தா தண்ணீர் ஊற்ற மட்டும் செய்தார்.

பாய் வலது கையில் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். மறுபடி வலது கையில் தண்ணீர் வாங்கி மூக்கில் இழுத்தார். அப்போது மடியில் கிடந்த இடது கை எழுந்தது. யாரும் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டே மேலே வந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்கைப் பிடித்துச் சிந்திவிட்டு, மடிக்கு இறங்கியது. மூன்று முறை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். லாத்தாவுக்கு அதில் ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகப் பார்க்கிற காட்சி அவருக்கு. பாய் முகம் கழுவினார். பிறகு வலது கையை நீட்டினார், லாத்தா முழங்கையிலிருந்து சன்னமாகத் தண்ணீர் விட்டார். இடது கை மறுபடி கிளம்பியது. வழுக்கி விழுந்தது. வலது கை பாதி வழி இறங்கிவந்து கொடுத்தது. இடது கை அதைப் பிடித்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவியது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பதினைந்து நாளாக நான் அந்தக் கையிடம் என்ன கேட்டேன்? சாப்பிடச் சொன்னேன். பிறந்ததிலிருந்து ஒரு பருக்கையை வாய்க்குக் கொண்டுபோகாத கையை, கடைக்கு வந்தவருக்கு ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்து நீட்டாத கையை, வாடா காட்டி ஆசை மூட்டப் பார்த்தேன். பாவம், அது செத்துக் கிடக்கவில்லை, மரியாதையாக மறுத்திருக்கிறது. அவருடைய மனசு கையை மறந்துபோன பிறகும், கை அவர் வளர்ந்த விதத்தை மறக்கவில்லை. மூக்கைச் சிந்துவது அதன் வேலை, வலது கையைக் கழுவுவது அதன் வேலை. அதன் வேலை வந்ததும் அது எழுந்து வந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள நான் எந்த ஊர்ப் புத்தகத்தையும் படித்திருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் இடது கையால் முறுக்கு தின்றதற்கு என் அம்மாவிடம் முதுகில் வாங்கியவள்தானே நான். படம் போட்ட புத்தகத்தை நம்பினேன், என் முதுகை நம்பவில்லை.

பாய் தலையைத் தடவி, காதைத் துடைத்து, காலுக்குத் தண்ணீர் வாங்கி ஒளுவை முடித்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. "பாய்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த இடது கையைப் பிடிக்கப் போனேன்.

அவர் வெடுக்கென்று அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தொட்டுடாதீங்கம்மா!" என்றார்.

என் முகம் விழுந்துவிட்டது. ஒன்றரை மாதமாக நான் பிடித்து, நீவி, மடக்கி, நீட்டிய கை. ஏன் தொடக்கூடாது? லாத்தா சட்டென்று சொம்பை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒளு எடுத்துட்டா பொம்பளைங்க கை படக்கூடாது, பட்டா ஒளு முறிஞ்சிடும். பெத்த மக தொடலாம், கட்டுன நான் தொடக்கூடாது, அதான் தண்ணிய மட்டும் ஊத்துறேன். நீங்க எப்பவும் பத்து மணிக்கே வந்து போயிடறதால இதச் சொல்ற வேளையே வரல" என்றார்.

நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பாயைப் பார்த்தேன். பின்னால் இழுத்த கையை நெஞ்சோரமாக அணைத்து வைத்திருந்தார், என்மேல் சந்தேகம் தீராமல். அது இடது கை. "பாய், நான் தொடப்போனது பக்கத்துல படுத்திருந்தவர் கையத்தானே? அதத் தொட்டா உங்க ஒளு எப்படிங்க முறியும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், படித்த பெண் இவ்வளவு முட்டாளாக இருப்பாளா என்கிற மாதிரி. "என்னம்மா பேசுறீங்க? என் கையத் தொட்டா என் ஒளுதானே முறியும்?" என்றார்.

லாத்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். எனக்கு என் ஊரின்மேலும் என் தொழில்மேலும் அந்த மனுஷர்மேலும் வந்த பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்கு நாங்கள் இருவரும் ஏன் அழுகிறோம் என்று விளங்கவே இல்லை. "நேரமாவுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்" என்று அதட்டிவிட்டு, இடது கையை நெஞ்சில் வைத்து, அதன்மேல் வலது கையைக் கட்டி, தொழ ஆரம்பித்தார்.